கோடாங்கிக்கும் டாக்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து போன் வரும். "பிள்ளைக்கு என்னமோ அண்டியிருக்குப்பா, ராத்திரி தூங்க மாட்டேங்குது, தனியாப் பேசுது, வெள்ளிக்கிழமை கோடாங்கிகிட்டப் போறோம், நீயும் வந்துரு." இந்த போன் வந்ததும் நாலெழுத்து படித்த நாமெல்லாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, இந்தக் காலத்திலும் இதெல்லாமா என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறோம். அவர்கள் நம்மிடம் சொல்லாமல் போய்விட்டு வருகிறார்கள், நடப்பது அவ்வளவுதான். இல்லையா, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்கிவிடுகிறோம். நான் இரண்டையும் செய்தவன். என் சித்தி விஷயத்தில் ஒதுங்கினேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோடாங்கியை, அதாவது உடுக்கை அடித்துச் சாமியாடுபவரை, நீங்கள் நம்புகிறீர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. வீட்டில் நாலு பேர் நம்புகிறார்கள், பல நேரம் நோயாளியே நம்புகிறார், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு யாருடைய உயிருக்கும் ஆபத்து வராமல், யாருடைய முகமும் முறியாமல் காரியத்தை எப்படி நகர்த்துவது, அதுதான் விஷயம்.

யாரிடம் காட்டினார்கள்?

"காட்டிட்டு வந்தோம்" என்று ஊரில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். யாரிடம் என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயமே மாறும்.

கோடாங்கி என்பது கையில் வைத்து அடிக்கும் சின்ன உடுக்கையின் பெயர், அடிப்பவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மதுரை, தேனி, விருதுநகர் பக்கமெல்லாம் சொல்லவே வேண்டாம், கேட்டால் யாராவது ஒருவரைக் காட்டுவார்கள். அடிக்க அடிக்க அவர் மேல் சாமி இறங்கும். ஜக்கம்மாவோ கருப்பசாமியோ பேச்சியோ, பேசுவது சாமி, அவர் இல்லை. உலகத்தில் ஷாமன் என்று எழுதுகிறார்களே, அது இவரைப் போன்றவர்களைத்தான். அந்தச் சொல் சைபீரியாவின் எவெங்கி மக்களிடமிருந்து வந்தது, அங்கேயும் கையில் தோல் கட்டிய மேளம்தான்.

மந்திரிப்பவர் வேறு. திருநீறு போடுவார், வேப்பிலை அடிப்பார், தண்ணீரில் ஓதிக் கொடுப்பார், அவர் மேல் எதுவும் இறங்காது. பள்ளிவாசல் வாசலில் மாலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கூட்டம் (எல்லா மதத்துப் பிள்ளைகளும்தான்) இந்த வகைக்காக வந்தது. நாட்டு வைத்தியர் மூலிகை, எண்ணெய், எலும்புக்குக் கட்டு என்று கை வேலை செய்பவர். சித்த மருத்துவர் என்று போர்டு போட வேண்டுமானால் இப்போது ஐந்தரை வருடம் பி.எஸ்.எம்.எஸ். படித்திருக்க வேண்டும், பாளையங்கோட்டையிலும் தாம்பரத்திலும் அரசு நிறுவனங்களே இருக்கின்றன, பதிவு எண் கேட்டால் காட்டுவார்கள். நிஜத்தில் இந்த நாலும் ஒரே ஆளிடம் கலந்தும் கிடக்கும், உடுக்கையும் அடிப்பார், சூரணமும் கொடுப்பார்.

ஏன் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், கோடாங்கியிடம் இருக்கும் ஆபத்து தாமதம், அடி, பணம். நாட்டு மருந்தில் இருக்கும் ஆபத்து வயிற்றுக்குள் போகும் பொருள். திருநீற்றை நெற்றியில் பூசுவதை நான் தடுக்கவே மாட்டேன். பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த பெயரில்லாத பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னால் கண்டிப்பாகத் தடுப்பேன், ஏனென்றால் பற்பம், செந்தூரம் என்ற பெயரில் வரும் பொடிகள் சிலவற்றில் பாதரசமும் தாளகமும் சேரும், தாளகம் என்பது ஆர்செனிக் கலந்த தாது, முடிக்கும் பக்குவம் தெரியாதவர் கையில் அது மருந்தே இல்லை. அப்படி ஒரு பொடி வந்தால் "பதிவு பெற்ற சித்த டாக்டரிடம் காட்டிட்டுக் கொடுக்கலாம்மா" என்று சொல்லுங்கள்; அதே மரபுக்குள்ளேயே நின்று சொல்வதால் சண்டை வராது.

உடுக்கைச் சத்தமே கேட்கக் கூடாத நேரங்கள்

சில விஷயங்களில் முதலில் ஆஸ்பத்திரி, பேச்சே கிடையாது. வீட்டில் எல்லோரும் நிதானமாக இருக்கும் ஒரு நாளில், பொங்கலோ தீபாவளியோ, இதைப் பேசி முடித்து வைத்துவிடுங்கள், அந்த ராத்திரி வந்தபிறகு பேச நேரம் இருக்காது.

பாம்புக்கடி முதலில். மந்திரித்துப் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள், அது பொய்யும் இல்லை. கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை, விஷப் பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை, அதனால் மந்திரித்த பலரும் பிழைத்துத்தான் வருவார்கள், பெயர் மந்திரத்துக்குப் போகும். கட்டுவிரியன் ராத்திரி பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடப் பெரிதாக இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. கண் இமை தொங்க ஆரம்பிக்கும்போது மூச்சு நிற்பதற்கு அதிக நேரம் இல்லை. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்பது கணக்கு. விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஒரு விஷயம் சொல்கிறேன், பெரியவர்களிடம் நான் எடுத்துவிடும் வாதமே இதுதான்: அந்த ஊசி தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பதே சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. பாம்பையும் பச்சிலையையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த இருளர்கள் பிடித்த பாம்பின் விஷத்திலிருந்து வந்த மருந்து என்று சொன்னால் தாத்தாக்கள் யோசிக்கிறார்கள்.

அடுத்தது பிள்ளை பெற்ற வீடு. பிரசவமாகி முதல் சில வாரங்களில் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, இது என் குழந்தை இல்லை என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம், தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. ஊரில் இதற்குத் "தீட்டு வீட்டுல முனி அடிச்சிருச்சு" என்று பெயர். நல்லபடியாக மருந்து கொடுத்தால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும் நோய் இது, அதுதான் கொடுமை.

காய்ச்சல், தலைவலிக்குப் பிறகு திடீரென்று நடத்தை மாறினால் அதுவும் அப்படித்தான். இளம் பெண்களுக்கு அதிகமாக வரும் ஒருவகை மூளை அழற்சி இருக்கிறது, உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குவது, 2007இல்தான் மருத்துவ உலகமே அதைச் சரியாக அடையாளம் கண்டது. கத்துவது, கை கால் முறுக்குவது, வாய் கோணுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, எல்லாம் அப்படியே பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஸ்டீராய்டும் வேறு சில மருந்துகளும் கொடுத்துக் காப்பாற்ற முடிகிற நோய், ஆனால் நாள் கணக்கு முக்கியம்.

வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால், இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இறங்காவிட்டால், செத்துப்போகிறேன் என்று பேச ஆரம்பித்தால் 108.

கைக்குழந்தைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சீர் தட்டியிருக்கிறது, தொக்கம் விழுந்திருக்கிறது (தின்றது வயிற்றில் சிக்கிக்கொண்டது) என்பார்கள். உச்சிக்குழி உள்ளே போய், கண் குழி விழுந்து, பச்சையாக வெளிக்குப் போகிறது என்றால் அது உடம்பில் தண்ணீர் வற்றிப்போனது, உப்புச் சர்க்கரைக் கரைசலும் டாக்டரும்தான் வேண்டும், மந்திரித்த கயிறு கையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தொக்கம் எடுப்பது என்று குழாய் வைத்து உறிஞ்சி ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டுகிறார்களே, அதைப் பால்குடிப் பிள்ளையிடம் செய்ய விடாதீர்கள். நோயை வாயால் உறிஞ்சி எடுத்து ஒரு பொருளாக உள்ளங்கையில் காட்டுவது அமேசான் காட்டு ஷாமன்களும் செய்வதுதான், எப்படி இவ்வளவு தூரத்துக்கு ஒரே வித்தை என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஆனால் ஆச்சரியம் வேறு, மூச்சுக்குழாய் வேறு.

அம்மைக்கு வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். பெரியவர்களுக்கோ கர்ப்பிணிக்கோ வந்தால் கொப்புளம் தெரிந்த முதல் நாளே டாக்டரிடம் போங்கள், மாத்திரை அப்போது கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

இவை தவிர்த்த மற்றதற்கு, அதாவது மாதக்கணக்காகத் தூக்கமில்லை, பயம், யாரோடும் பேசுவதில்லை, அடிக்கடி மயங்கி விழுகிறாள், வேலைக்குப் போக மாட்டேன் என்கிறான், இந்த மாதிரிகளுக்குத்தான் மிச்சம் உள்ளவை எல்லாம்.

வீட்டில் எப்படிப் பேசுவது

மூடநம்பிக்கை என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். எடுத்த நொடியில் நீங்கள் அந்த வீட்டு ஆலோசனையிலிருந்து வெளியே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். சண்டை போட வேண்டியது போவதா வேண்டாமா என்பதற்கு இல்லை, எது முதலில் என்பதற்கு. "போவோம் அத்தை, நானே வண்டி எடுத்துட்டு வரேன். அதுக்கு முன்னாடி ஒரு ரத்தம் மட்டும் எடுத்துப் பார்த்துருவோம், ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னா கோடாங்கிக்கும் சொல்லலாம்ல" என்று கேட்டால் பத்துக்கு எட்டு வீட்டில் சரி என்கிறார்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, உப்புச் சத்து, இந்த நாலைப் பார்த்தாலே பாதி "காத்து கருப்பு"க்குப் பதில் கிடைத்துவிடும். குறிப்பாக வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால் சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்; செத்துப்போன தாத்தா வந்து கூப்பிடுகிறார் என்று ஒரு பாட்டி சொன்னால், தாத்தாவைக் கும்பிட்டுவிட்டு, பாட்டியின் மூத்திரத்தை லேபுக்கு அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை கோடாங்கி என்றால் புதன்கிழமை டாக்டர். இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பைத்தியக்கார டாக்டரிடம் போக மாட்டோம் என்றால் வற்புறுத்தாதீர்கள், முதலில் பொது மருத்துவர். அதுவும் முடியாதென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், இலவசம். நோயாளி பேசாவிட்டாலும் நீங்கள் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லி வழி கேட்கலாம்.

இன்னொன்று, நோயாளியிடம் தனியாகக் கேளுங்கள். எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம், அவருக்குப் போக விருப்பமா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதினாறு வயதுப் பெண்ணை நடு ராத்திரி சுடுகாட்டுப் பக்கம் கூட்டிப்போய் உட்கார வைப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை.

கோடாங்கியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

சாமியாடிகளில் நல்லவர் கெட்டவர் பிரிக்க முடியுமா என்று சிலர் சிரிக்கலாம். முடியும். என் சித்தி கதை அதுதான்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பத்தாம் நாள் சித்தி தூக்கத்தை விட்டாள். முதலில் கூட்டிப்போன ஆள் கொஞ்சம் பெயர் பெற்றவர், கார் வைத்திருந்தார். பங்காளி வீட்டார் செய்வினை வைத்திருக்கிறார்கள், வாசலில் தகடு புதைத்திருக்கிறது, எடுக்க வேண்டும் என்றார், ஒரு பெரிய தொகை, எடுத்தும் காட்டினார். மூன்று வாரம் போனது. பங்காளிகளோடு பேச்சு நின்றுபோனது, அது இன்றுவரை ஒட்டவில்லை. அப்புறம் யாரோ சொல்லிப் பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவரிடம் போனார்கள், ஓட்டு வீடு, எழுபது வயதிருக்கும். அவர் சித்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்து நாப்பது நாள் ஆகலை. நான் உடுக்கையைத் தொட மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, குணமாகி வந்தப்புறம் திருநூறு போடுறேன்" என்று சொல்லி வெற்றிலைத் தட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார். அவர் சொன்னதால்தான் போனார்கள். நான் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார்கள், நான் சொல்லவும் இல்லை. சித்தி தேறி வந்து அவரிடம் திருநீறு பூசிக்கொண்டாள்.

தன் கைக்கு அடங்காதது எது என்று தெரிந்த கோடாங்கியைத் தேடுங்கள். விசாரிக்கும்போது "அவர் குணமாக்கினாரா" என்று கேட்காதீர்கள், "யாரையாவது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காரா" என்று கேளுங்கள். மாத்திரை சாப்பிடுகிறார், நிறுத்த மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்பவர் சரியான ஆள். "மாத்திரையை விட்டாத்தான் சாமி வேலை செய்யும்" என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். தட்சணை வெற்றிலை பாக்கோடு ஐம்பத்தொன்றோ நூற்றொன்றோ, அல்லது ஒரு கோழி, ஒரு பொங்கல் என்கிற அளவில் இருந்தால் அது பழைய வழக்கம். தொகை படிப்படியாக ஏறினால், தகடு, நகை, தோஷ நிவர்த்தி பேக்கேஜ் என்று போனால் அது வியாபாரம். செய்தவர் யார் என்று சொந்தக்காரர் பெயரைச் சொல்பவரிடம் இரண்டாவது முறை போகவே கூடாது, நோய் போனாலும் அந்தப் பகை போகாது. பெண்ணைத் தனியாக அறைக்குள் விடச் சொன்னால் வெளியே வந்து போலீசுக்குப் பேசுங்கள். யூடியூப்பில், சுவரொட்டியில் சர்க்கரை வியாதியை, வலிப்பை, புற்றுநோயைத் தாயத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்பவரா? 1954ஆம் ஆண்டின் சட்டப்படியே அந்த விளம்பரம் குற்றம், தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் அதில் வரும். ஓட்டு வீட்டுக் கிழவர்கள் விளம்பரம் கொடுப்பதில்லை.

அன்றைக்கு ராத்திரி

கூடவே போங்கள். போகாமல் வீட்டில் இருந்து முறைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பயனும் இல்லை. மாத்திரை வேளை தவறக் கூடாது, பையில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலும். விரதம் இருக்கச் சொல்லியிருந்தால் சர்க்கரைக்கு ஊசி போடுபவர், கர்ப்பிணி, வலிப்புக்காரர் இருக்கக் கூடாது, "பாலும் பழமும் சாப்பிடலாமா சாமி" என்று கேட்டால் சாமி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மனநிலைக்கு லித்தியம் மாத்திரை எடுப்பவருக்குப் பேதிக்குக் கொடுக்கவே விடாதீர்கள், உடம்பில் நீர் வற்றினால் அந்த மருந்தே விஷமாகத் திரும்பும். மிளகாய் வற்றல் புகையை மூஞ்சிக்கு நேரே காட்டினால், பிரம்பை எடுத்தால், சூடத்தைக் கையில் கொளுத்தினால், நீங்கள் குறுக்கே நிற்க வேண்டிய நேரம் அது. வேப்பிலையால் வருடுவது வேறு, அடிப்பது வேறு, வித்தியாசம் பார்த்தாலே தெரியும்.

மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், உண்மையாகவே கேளுங்கள். உடுக்கை ஏற ஏறச் சாமி கேள்வி கேட்கும், நோயாளி ஆடிக்கொண்டே பதில் சொல்வார், அதுவரை வீட்டில் வெளியே வராத விஷயமெல்லாம் அங்கே வரும். மாமியார் அடித்தது, கட்டிக்கொடுக்காமல் விட்ட காதல், கலைந்த கரு, செத்த அண்ணனுக்குக் கருமாதி சரியாகச் செய்யாத குற்ற உணர்வு. தன் வாயால் சொன்னால் அடி விழும், பேய் வாயால் சொன்னால் குடும்பமே உட்கார்ந்து கேட்கிறது. சங்கப் பாட்டுகளிலேயே இந்தக் காட்சி இருக்கிறது. மகள் வாடுகிறாள் என்று தாய் கழங்கு போட்டுப் பார்த்து, முருகன் அணங்கியது என்று வேலனைக் கூப்பிட்டு ஆட்டை வெட்டி வெறியாட்டு எடுப்பாள். நோய் மலைநாட்டுக்காரன் மேல் உள்ள காதல் என்று தெரிந்த தோழி, வந்து நிற்கும் முருகனையே கேலி செய்வாள். ஆடுதான் பாவம்.

அப்படி வெளியே வந்ததை வைத்து மறுநாள் யாரும் அந்தப் பெண்ணைக் குத்திக்காட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அன்றைக்கு ராத்திரி நடந்ததிலேயே உண்மையான சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் அது இப்படி எல்லோரும் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டதுதான், மறுநாள் காலை மாமியார் பழையபடி ஆரம்பித்தால் அதுவும் போச்சு. மனதில் நிற்காதென்றால் வீட்டுக்கு வந்ததும் என்ன வந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள், டாக்டரிடம் சொல்ல ஆகும்.

ஆமாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும்

பெரும்பாலானவர்கள் மறைத்துவிடுகிறோம், திட்டுவார் என்று. திட்டினால் வேறு டாக்டர். எப்போது போனோம், என்ன கொடுத்தார்கள், என்ன குடித்தார், எத்தனை வேளை மாத்திரை விட்டது, இந்த நாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பொடி மிச்சமிருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். "சாமி ஆடுறா டாக்டர்" என்று சொல்வதிலும் கூச்சப்படத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே, ஒரு சமூகத்தின் வழிபாட்டுக்குள் இயல்பாக வரும் அருளாட்டத்தை நோயில் சேர்க்கக் கூடாதென்றுதான் சொல்கிறது. பங்குனித் திருவிழாவில் கொட்டுக்கு ஆடி, திருநீறு பூசியதும் இறங்கி, மறுநாள் களையெடுக்கப் போகிற அத்தைக்கு ஒரு வியாதியும் இல்லை. கேட்காத நேரத்தில் வருகிறது, நிறுத்த முடியவில்லை, அதனால் அவருக்கே வேதனை, வேலை கெடுகிறது என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் நீங்கள் கேட்டு வர வேண்டியது, மருந்து வேலை செய்ய எத்தனை நாள் ஆகும் என்பது. மனநல மருந்துகள் பலவும் பலன் காட்ட இரண்டு, மூன்று வாரம், சிலநேரம் அதற்கும் மேலே எடுக்கும். இது தெரியாமல்தான் நடுவில் குழப்பம் வருகிறது: ஒன்றாந்தேதி மாத்திரை ஆரம்பித்து, பதினைந்தாம் தேதி கோடாங்கியிடம் போய், இருபதாம் தேதி தூக்கம் வந்தால், பெயர் யாருக்குப் போகும்? போகட்டும் விடுங்கள், பெயர் யாருக்குப் போனாலும் நமக்கென்ன. ஆனால் "அதான் சரியாயிருச்சே" என்று இருபத்தைந்தாம் தேதி மாத்திரையை நிறுத்துவார்கள் பாருங்கள், அங்கேதான் காவல் இருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநல மருந்து இலவசமாகவே கிடைக்கும், வாங்கிவர ஒரு ஆளை வீட்டில் நியமித்துவிடுங்கள், முடிந்தால் கோடாங்கியை அதிகமாக நம்புகிற அந்த அத்தையையே.

கோயில், தர்காவில் தங்க வைப்பதென்றால்

திருச்சிப் பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கி, பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் அடிப்பதை வாங்குவது பழைய வழக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்குக் கேரளத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். இப்படித் தங்குவதில் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் மருத்துவர்கள் பரிசோதித்து 2002இல் எழுதினார்கள். மருந்தில்லாமலே நோய்க்குறிகளின் மதிப்பெண் சராசரியாக ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே பெரிய சடங்கு ஒன்றும் கிடையாது, கூடவே ஒரு சொந்தக்காரர் தங்க வேண்டும், காலை எழுந்து கோயில் வேலை கொஞ்சம் பார்க்க வேண்டும், யாரும் விரட்டுவதில்லை. 31 பேர் என்பது சின்னக் கணக்கு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் இல்லை, அதனால் இதை வைத்துக்கொண்டு மருந்தை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால் அந்தச் சொந்தக்காரர் கூடவே தங்குவதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு எதிர்ப்பக்கம் 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் நிறைய. அதன் பிறகுதான் அரசும் நீதிமன்றமும் விழித்தன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது, கோயிலிலும் தர்காவிலும் உங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையிலும். இப்போது ஏர்வாடியிலேயே துவாவோடு மருந்தும் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது, தொழுகையை விட வேண்டாம், மாத்திரையும் சாப்பிடு என்று.

ஆகவே தங்க வைப்பதென்றால் போய் நேரில் பாருங்கள். கதவு வெளியிலிருந்து பூட்டுகிறதா, காலில் தழும்போடு யாராவது நடமாடுகிறார்களா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, டாக்டர் வருகிறாரா, வந்தால் எந்தக் கிழமை. மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, எண்ணிக் கொடுத்து அடுத்த வாரம் போய் மிச்சத்தை எண்ணுங்கள். போகும்போது கூடவே ஒருவர் தங்க முடியாது என்றால் அந்த இடம் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். ஆள் மாற்றி ஆள் தங்குவதற்கு யார் யாருக்கு எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதி, குடும்பத்தில் எல்லோரிடமும் வாக்கு வாங்கிவிடுங்கள். முதல் வாரத்துக்கு எல்லோரும் வருவார்கள், மூன்றாவது வாரத்துக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும், அதில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.